வெள்ளவத்தையில் ஒரு வேனிற்கால ஓவியக்கூடம்: மங்கிப்போன இளஞ்சிவப்பும் அதன் பின் நடந்தவையும்

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் நாற்பதுகளில் இருக்கும் ஓர் ஓவியர். கொழும்புப் பாடசாலையொன்றில் நீண்ட காலம் சித்திரம் கற்பித்துவிட்டு, அந்த வேலையை விட்டு முழுநேரமாக வரையத் தொடங்கியவர். நீர்வர்ணம் அவருடைய ஊடகம். பூக்களும் கொடிகளும் மரங்களும் அவருடைய பொருள். வெள்ளவத்தையில் கடற்பக்கமாக நிற்கும் தொடர்மாடி ஒன்றின் மேல்தளத்தில் அவருடைய ஓவியக்கூடம் இருக்கிறது. வார இறுதிகளில் அந்த அறையின் ஒரு மூலையை நானும் பயன்படுத்துகிறேன். நடந்தவற்றைப் பதிவு செய்ய அவர் இசைந்ததோடு தன் குறிப்பேடுகளையும் தந்தார். படங்களை வாங்கியவர்களில் இங்கே பேசப்படுகிறவர்களும் தங்கள் அடையாளம் வெளிப்படாதவாறு எழுதச் சம்மதித்தார்கள்.

ஆண்டுதோறும் பெப்ரவரி முதல் மே வரை அவர் தனியார் வகுப்புகளை நிறுத்திவிட்டுப் பூக்களை மட்டும் வரைகிறார். தென்மேல் பருவமழை தொடங்குவதற்கு முந்திய அந்த வெயில் மாதங்களில்தான் கொழும்பின் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கின்றன. ரொபரோசியா இலைகளை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாய் நிற்கும். சித்திரையில் கொன்றை சரம் விடும். அதைத் தொடர்ந்து மயிற்கொன்றை சிவக்கும். விகாரமகாதேவிப் பூங்காவையும் கறுவாத்தோட்டத்து வீதிகளையும் அந்தக் காலத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு, ஓர் ஓவியர் ஏன் நான்கு மாதங்களை அதற்கென்றே ஒதுக்குகிறார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

புகைப்படத்தைப் பார்த்து வரைவதில்லை என்பது அவருடைய கண்டிப்பான ஒழுங்கு. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் 19ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் உயிருள்ள செடியை எதிரே வைத்து வரைந்தவர்கள். 1877இல் களுத்துறையில் தங்கியிருந்த ஆங்கிலேய ஓவியர் மேரியன் நோர்த், எண்ணெய் வர்ணத்தை எடுத்துக்கொண்டு செடி நின்ற இடத்துக்கே போனவர். இந்த இரண்டு மரபுகளையும் தன் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே இவரும் அதைப் பற்றிக்கொண்டார்.

பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. வர்ணம், தூரிகை, பருத்திக் கடதாசி எல்லாமே இறக்குமதிப் பொருட்கள். நல்ல தர வர்ணக் குழாய் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய ஓவியர்கள் பலரை எனக்குத் தெரியும். இவரும் அந்த ஆண்டில் கையிருப்பைக் கொண்டே சமாளித்தார். தீர்ந்துபோன இளஞ்சிவப்புக்குப் பதிலாக, மாணவர் தரத்தில் விற்கப்பட்ட ஒரு பளிச்சென்ற குழாயை வாங்கினார். அதன் மேலுறையில், உள்ளே இருப்பது எந்த நிறமி என்பதைக் காட்டும் குறியீடு அச்சிடப்பட்டிருக்கவில்லை.

முதல் வாரங்களில் கண்டவை

நான் பதிவு செய்யும் வேனில் அதற்குப் பின் வந்தது. ஓகஸ்டில் நடக்கவிருந்த ஒரு தனிக்காட்சிக்காக முப்பது படங்கள் வரைவது திட்டம். நாளொன்றுக்கு ஒரு பூ, காலை ஒன்பது மணிக்குத் தொடக்கம், மாலை நான்கு மணிக்கு முடிவு என்று அட்டவணை போடப்பட்டது.

அட்டவணை பெப்ரவரியிலேயே தடுமாறத் தொடங்கியது. செவ்வரத்தை காலையில் விரிந்து மாலைக்குள் சுருண்டுவிடும். 1986இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நீலோற்பலம் பிற்பகலில் இதழ்களை மூடிக்கொள்ளும். நாகலிங்கப்பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுள். பவளமல்லிகையோ விடிவதற்குள் தரையில் கிடக்கும். ஒன்பது மணிக்கு மேசைக்கு வருகிறவருக்கு இவற்றில் எதுவும் முழுமையாகக் கிடைப்பதில்லை. பதினொரு மணிக்கு மேல் அவர் வரைந்தவற்றைக் குறிப்பேட்டில் பார்த்தேன். கோடுகள் திருத்தமாகவே இருக்கின்றன. ஆனால் எல்லா இதழ்களும் சோர்ந்திருக்கின்றன. அவர் எதிரே கண்டதைத்தான் வரைந்திருக்கிறார்.

அடுத்தது கடதாசி. முந்தைய ஆண்டில் வாங்கி அலுமாரியில் அடுக்கி வைத்த, சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் கடதாசியில் மெல்லிய வர்ணத்தைப் பூசியபோது, ஆங்காங்கே கரும்புள்ளிகளாக வர்ணம் உள்ளே இழுபட்டது. நீர்வர்ணக் கடதாசிக்கு ஜெலட்டின் போன்ற பசைப்பூச்சு இடுவார்கள்; வர்ணம் மேற்பரப்பில் நிற்பது அதனால்தான். ஈரப்பதம் நூற்றுக்கு 65, 70 என்ற அளவைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் வளர்ந்து அந்தப் பூச்சைத் தின்றுவிடும். கண்ணுக்குப் பூஞ்சணம் தெரிவதற்கு முன்பே சேதம் தொடங்கிவிடுகிறது. அலுமாரி மேற்குச் சுவரோடு, கடல் பக்கமாக இருந்தது. அலுமாரிக்குள் பூச்சி உருண்டைகள் இருந்தன. அவை பூச்சியை விரட்டுமே தவிரப் பூஞ்சணத்தை ஒன்றும் செய்யா. ஈரமானி ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தபோது விடியற்காலையில் அது 85க்கு மேல் காட்டியது. வெயில் கொளுத்திய பிற்பகலிலும் 70க்குக் கீழே இறங்கிய நாட்கள் குறைவு.

மூன்றாவது சிக்கல் ஒளியைப் பற்றியது. மேசை வடக்கு ஜன்னலோரம் இருந்தது. வடக்கு ஒளியே ஓவியருக்கு உகந்தது என்று எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்கின்றன, ஏனென்றால் அந்த ஜன்னலில் நேர் வெயில் விழாது. அந்த நூல்கள் எழுதப்பட்ட ஊர்களில் அது உண்மை. கொழும்பு பூமத்தியரேகைக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் 21க்குப் பின் சூரியன் கிழக்குக்கு வடக்கே சற்று விலகி உதிக்கிறது; ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது; அதன் பின் செப்டெம்பர் தொடக்கம் வரை உச்சிக்கு வடக்கேயே நிற்கிறது. ஆகவே மார்ச் கடைசியிலிருந்து காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகத்தான் வெயில் சாய்ந்து வரும். அந்த மேசையில் மார்ச் இறுதி வாரத்தில் வரைந்த பூக்களில் நிழல்கள் இரண்டு பக்கமாக விழுந்திருப்பது அதனால்தான். இவ்வளவு காலம் இங்கே வரைபவர்கள் நாம். நம் தலைக்கு மேல் சூரியன் போகும் பாதையை யாரும் நமக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தெகிவளையில் இருந்து வந்த தொலைபேசி அழைப்பு

இந்த மூன்றும் சரிசெய்யக்கூடியவை. மார்ச் நடுவில் வந்த செய்தி வேறு வகையானது.

முந்தைய ஆண்டில் ஒரு ரொபரோசியா படத்தை வாங்கியிருந்த முதிய தம்பதியர், ஒருமுறை வீட்டுக்கு வந்து அதைப் பார்க்குமாறு அழைத்தார்கள். ஓய்வுபெற்ற தாதியான அந்த அம்மா குறை சொல்லும் நோக்கத்தில் அழைக்கவில்லை. “மகள், படத்தில் இருந்த பூவைக் காணவில்லை. எங்கள் கண்தான் பழுதோ என்று பார்க்கச் சொல்லித்தான் கூப்பிட்டேன்” என்றார்.

கண்ணில் பழுதில்லை. கிளைகள் வரைந்தபடியே இருந்தன, வானம் இருந்தது, தூரத்து மதிலின் காவி நிறமும் இருந்தது. பூக்கள் இருந்த இடமெல்லாம் வெளிறிய மஞ்சள் கலந்த வெள்ளையாக இருந்தது. படம் மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கியது.

ஈரமா, ஒளியா, கண்ணாடியில் ஒட்டியதா என்று ஊகித்துக்கொண்டிராமல் அவர் அங்கேயே சட்டகத்தைத் திறந்தார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு இதுவென்று நினைக்கிறேன். ஓரத்து அட்டையின் அடியில் மறைந்திருந்த விரற்கடை அகலப் பகுதியில் இளஞ்சிவப்பு முதல் நாள் போலவே பளிச்சென்று இருந்தது. ஈரம் காரணமானால் அந்தப் பகுதியும் கெட்டிருக்க வேண்டும். ஒளி படாத இடம் மட்டும் தப்பியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் இருந்த எல்லாச் சிவப்புகளையும் ஊதாக்களையும் ஒரே கடதாசியில் பட்டைகளாகப் பூசினார். ஒவ்வொரு பட்டையின் பாதியையும் அலுமினியத் தாளால் மூடி மேற்கு ஜன்னலில் ஒட்டினார். ஏறத்தாழ மூன்று வாரங்களில் மாணவர் தரக் குழாயின் திறந்த பாதி அனேகமாக வெள்ளையாகியிருந்தது. அலிசரின் சிவப்பு சற்று மங்கியிருந்தது. குயினாக்ரிடோன் என்ற நிறமி வகையைச் சேர்ந்த, பி.வி.19 என்ற குறியீடுள்ள ரோஜா நிறத்தில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இதன் காரணம் வேதியியலில் இருக்கிறது. ஒளிரும் இளஞ்சிவப்புக் குழாய்கள் பலவற்றில் பளபளப்பைத் தருவது ஒளிர்சாயம். அந்தச் சாயத்தின் மூலக்கூறுகள் புறஊதாக் கதிரிலும் கடும் வெயிலிலும் சிதைந்துபோகின்றன. உயர் தரக் குழாய்களில் அதனோடு பி.ஆர்.122 போன்ற உறுதியான நிறமியும் கலந்திருப்பதால், சாயம் போனாலும் மங்கலான ஓர் இளஞ்சிவப்பு எஞ்சும். அந்த மலிவுக் குழாயில் எஞ்சுவதற்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. புகழ்பெற்றவர்களும் இந்த இழப்புக்கு ஆளாகியிருக்கிறார்கள். வான்கோ 1890இல் வரைந்த ரோஜாக்களில் பல இளஞ்சிவப்பாக இருந்தவை. நிலைக்காத சிவப்பைப் பயன்படுத்தியதால் இன்று ஏறக்குறைய வெள்ளை ரோஜாக்களாகத் தெரிகின்றன. அவர் காலத்தில் குயினாக்ரிடோன் இல்லை. அந்த வகை நிறமிகள் 1958இல்தான் சந்தைக்கு வந்தன. இன்று நமக்குத் தெரிவு இருக்கிறது.

எடுத்த முடிவுகள்

முதலில் நேரத்தை மாற்றினார். இதில் வழிகாட்டியவர் கோயில் வாசலில் பூ விற்கும் ஓர் ஆச்சி. “ஒன்பது மணிக்கு வந்து பூக் கேட்டால் நான் என்ன செய்வேன், பிள்ளை? விடியச் சாமிக்கு வைக்கிற நேரத்துக்கு வாருங்கள்” என்றார். நீலோற்பல மொட்டுகளை ஈரமான வாழையிலையில் சுற்றித் தருவதும், அன்று காலை விரிந்த செவ்வரத்தையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாலை வரை விரிந்தே நிற்கும் என்பதும் அவர் சொல்லித் தந்தவை. வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிந்தது. பிற்பகல்கள் கடதாசி தயாரிப்பதற்கும் குறிப்பெழுதுவதற்கும் போயின. நாளொன்றுக்கு ஒரு பூ என்ற திட்டம் கைவிடப்பட்டது. ஒரே செவ்வரத்தைச் செடியின் அடுத்தடுத்த பூக்களைப் பல காலைகள் தொடர்ந்து பார்த்து, அவற்றிலிருந்து ஒரு படம் வரைவது என்றானது.

மேசையைத் தெற்கு ஜன்னலுக்கு நகர்த்தினார். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஓகஸ்ட் முடிவு வரை நேர் வெயில் விழாத பக்கம் அதுதான்.

ஈரத்துக்குக் குளிரூட்டி பொருத்தலாமா என்ற பேச்சு எழுந்தது. மின்கட்டணம் ஒரு தடை. அதைவிட முக்கியமான காரணமும் இருந்தது. பகலில் இயக்கி இரவில் நிறுத்தினால் அறையின் ஈரம் நாள்தோறும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் கடதாசிக்கு நல்லதல்ல. அதனால் அறையை விட்டுவிட்டுக் கடதாசியை மட்டும் காப்பது என்று முடிவாயிற்று. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டிகள், உள்ளே சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி ஒன்று. நிறம் மாறிய சிலிக்கா ஜெல் மணிகளை அடுப்பில் மெதுவாகச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். பூஞ்சணம் தெரிந்த தாள்களைத் தனியே எடுத்து, நிழலான காற்றோட்டத்தில் உலர்த்தி, என்-95 முகக்கவசம் அணிந்து மென்தூரிகையால் மொட்டைமாடியில் துடைத்தெடுத்தார். பசைப்பூச்சுக் கெட்ட தாள்கள் பென்சில் பயிற்சிக்குப் போயின.

வர்ணப் பெட்டியில் குறியீடு அச்சிடாத குழாய்கள் எல்லாம் விலக்கப்பட்டன. இளஞ்சிவப்புக்கு இனிப் பி.வி.19 மட்டும். அதில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும்: ஒளிரும் குழாயின் பிரகாசம் அதில் வராது. வெயிலில் நிற்கும் ரொபரோசியாவைப் பார்த்தால் அந்தப் பூக்களுக்குள் விளக்கு எரிவதாகவே தோன்றும். தட்டையாகப் பூசிய குயினாக்ரிடோன் அதற்கு ஈடாகாது. இங்கேதான் அவருடைய கைத்திறனைக் கண்டேன். பூக்களை மிக மெல்லிய ஒரே பூச்சோடு நிறுத்தி, கடதாசியின் வெண்மை ஊடாகத் தெரியவிட்டார். பின்புலத்து வானத்தை நீலமாக்காமல் சாம்பல் கலந்த பச்சையாக வைத்தார். பச்சைச் சாயல் அருகில் இருந்ததால் அந்த மெல்லிய ரோஜா நிறம் பளிச்சென எழும்பியது. முன்பு குழாய் செய்த வேலையை இப்போது அண்டை நிறம் செய்தது. அந்த மார்ச் மாதப் பயிற்சித் தாள்கள் முந்தைய ஆண்டின் படங்களைவிடச் சிறந்தவை என்பது என் உறுதியான கருத்து.

வாங்கியவர்களுக்குச் சொல்வதா?

குறிப்பேட்டைப் பார்த்தபோது அந்தக் குழாயைப் பயன்படுத்திய ஏழு படங்கள் விற்கப்பட்டிருந்தன. தெகிவளைத் தம்பதியரைத் தவிர வேறு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

காட்சியை ஒழுங்கு செய்தவர் சொல்ல வேண்டாம் என்றார். நீர்வர்ணம் மங்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், நாமாகச் சொன்னால் மற்றப் படங்களின் மீதும் சந்தேகம் விழும், ஓகஸ்டுக் காட்சியே பாதிக்கப்படும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. விற்பனை நடக்காவிட்டால் இழப்பு அவருக்கும்தான்.

ஓவியர் இரண்டு நாட்கள் யோசித்துவிட்டு எல்லோருக்கும் சொல்வது என்று தீர்மானித்தார். அவருடைய காரணம் குறிப்பேட்டில் ஒரே வரியில் இருக்கிறது: மங்கும் என்று தெரியாமல் விற்றது வேறு, தெரிந்த பின் பேசாமல் இருப்பது வேறு. நான் அதை முழுமையாக ஏற்கிறேன். படம் வாங்குகிறவர், பல சமயங்களில் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து, தன் வீட்டுச் சுவரில் அந்தப் பூ இருக்கும் என்று நம்பி வாங்குகிறார்.

ஒவ்வொருவருக்கும் மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன: பணத்தைத் திரும்பப் பெறலாம், உறுதியான வர்ணத்தில் மீண்டும் வரைந்த படத்தைப் பெறலாம், அல்லது இருப்பதையே வைத்துக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும் படத்தை நேர் வெயில் படாத சுவருக்கு மாற்றச் சொல்லப்பட்டது.

தொடர்ந்து நடந்தவை

ஏழு பேரில் ஐவரோடு பேச முடிந்தது. ஒருவர் வெளிநாடு சென்றுவிட்டார், இன்னொருவரின் தொலைபேசி இலக்கம் மாறிவிட்டது. பேசியவர்களில் ஒருவர் பணத்தைக் கேட்டார். அது உடனே திருப்பித் தரப்பட்டது. மூவர் மீண்டும் வரைந்து தரக் கேட்டார்கள். தெகிவளை அம்மா தன் படத்தை மாற்ற மறுத்துவிட்டார். மங்கிய படத்தின் பின்புறத்தில் எப்போது வரைந்தது, எப்போது மங்கியது என்று எழுதித் தரும்படி மட்டும் கேட்டார். ஓவியர் எழுதிக் கொடுத்தார். படம் இப்போது உள்ளறைச் சுவரில் இருக்கிறது.

மீண்டும் வரைவதிலும் ஒரு சிக்கல் வந்தது. இந்த முடிவு எட்டப்பட்டபோது ரொபரோசியாக்கள் பூத்து ஓய்ந்து இலை விட்டிருந்தன. உயிருள்ள பூவைப் பார்த்தே வரைவது என்ற தன் ஒழுங்கை அவர் தளர்த்த விரும்பவில்லை. ஒருவருக்கு மார்ச் மாதப் பயிற்சித் தாள்களை வைத்து வரைந்து கொடுத்தார். மற்ற இருவரும் அடுத்த பூக்காலம் வரை காத்திருக்க ஒப்புக்கொண்டார்கள்.

மே இறுதியில் மழை தொடங்கியபோது முப்பதுக்குப் பதில் பதினான்கு படங்களே தேறின. அவற்றில் ஐந்து ஒரே செவ்வரத்தைச் செடியைப் பற்றியவை. ஓகஸ்டுக் காட்சியில் ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்த நேரமும் பயன்படுத்திய நிறமிகளும் ஒரு சிறு அட்டையில் எழுதப்பட்டன. அந்த அட்டைகளை வாசித்தவர்கள் அதிகம். வர்ணம் நிலைக்குமா என்று கேட்டு, பட்டைச் சோதனைத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களும் உண்டு. ஒழுங்கு செய்தவர் அஞ்சியது நடக்கவில்லை. அதே சமயம் விற்பனை பெருகியது என்றும் சொல்ல முடியாது: பாதிக்குச் சற்று மேல் விற்றது. குறைந்த படங்களும் திருப்பித் தந்த பணமும் சேர்ந்து அந்த ஆண்டின் வருமானத்தைக் கணிசமாகக் குறைத்தன. மழை மாதங்களில் அவர் வகுப்புகளைக் கூட்ட வேண்டியிருந்தது.

அடுத்த வேனிலில் மாறப்போகிறவை

பட்டைச் சோதனை இனிப் பூக்காலம் தொடங்கும் முன்பே, ஜனவரியில் நடக்கும். வாங்கும் புதிய குழாய் எதுவானாலும் நல்ல வெயிலில் சில வாரங்கள் இருந்த பிறகே படத்தில் ஏறும். விலை தாங்காவிட்டால் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, தரத்தைக் குறைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறார். ஆறு நிறங்களைக் கொண்டு கொழும்பின் பூக்களில் பெரும்பாலானவற்றை வரைந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. நான் எட்டு வேண்டும் என்கிறேன். இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

சட்டகம் போடுகிறவரோடும் பேசி முடித்திருக்கிறார். கண்ணாடியும் கடதாசியும் ஒட்டாதவாறு இடையில் அமிலமற்ற அட்டை இருக்க வேண்டும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி விலை கூடியது என்பதால் அதைக் கேட்பவர்களுக்கு மட்டும் பொருத்துவார். மற்றவர்களுக்குத் தொங்கவிடும் இடம் பற்றிய குறிப்பைப் படத்தின் பின்புறத்தில் ஒட்டித் தருவார்.

பவளமல்லிகைக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. இரவில் விரியும் பூவை மின்விளக்கில் வரைந்தால் காம்பின் செம்மஞ்சள் வேறு நிறமாகத் தெரிகிறது. விடிந்த பின் வரைந்தால் தரையில் கிடப்பதைத்தான் வரைய முடிகிறது. பகல் ஒளிக்கு நெருக்கமான விளக்கு ஒன்றை இரவல் வாங்கிப் பார்க்கப் போகிறார்.

தொடர்பு கிடைக்காத இருவரையும் பொது நண்பர்கள் மூலம் தேடுவது தொடர்கிறது. அவர்களுக்கான பணம் கணக்குப் புத்தகத்தில் தனியாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. காத்திருக்கும் இருவரின் படங்கள்தாம், ரொபரோசியா பூத்ததும் அவர் கையிலெடுக்கவிருக்கும் முதல் வேலை.